போப்பாண்டவரின் புதுக்கோட்டை
(திராட்சைக்கொடியின் கதை – 17)

சென்ற இதழில் 1907ஆம் ஆண்டுக் கோடையில் நின்றோம். தெற்கு பிரான்சின் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டது. சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்கவைத்து ஒயின் என்று விற்பதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. சட்டங்கள் வந்த பிறகும் போலி ஓயவில்லை. அதை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தது பாரிஸ் அல்ல. ரோன் நதிக்கரையில், இன்றும் ஏறத்தாழ 2000 பேர் மட்டுமே வாழும் ஒரு கிராமம். அதன் கதையைச் சொல்ல முதலில் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.

மேற்குக் கரையில் ரோக்மோர் என்றொரு சிற்றூர். பரிசல்துறையும் பழைய கோபுரம் ஒன்றும் தவிரப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லாத ஊர் என்றுதான் தோன்றும். ஆனால் 1314 ஏப்ரலில் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் உயிர்விட்டது இங்கேதான். ரோமாபுரிக்குப் போகாமல் 1309இல் அவிஞ்ஞோன் நகரில் தங்கிவிட்டவர் அவர். போர்தோ பேராயராக இருந்தபோது அவர் வைத்திருந்த திராட்சைத் தோட்டம் இன்றும் அவர் பெயரையே சுமக்கிறது. ஒயின் அறிந்த மனிதர்.

1737இல் இதே ரோக்மோருக்கு ஓர் அரசாணை வந்தது. இங்கிருந்து படகேறும் ஒவ்வொரு ஒயின் பீப்பாயிலும் ‘கோத் து ரோன்’ என்பதன் மூன்று முதலெழுத்துகளையும் அறுவடை ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. வேறு ஊர்ச் சரக்கை ரோன் கரைச் சரக்கு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. மாட்டுக்குச் சூடு போடுவதுபோலப் பீப்பாய்க்குச் சூடு. பின்னால் நடக்கப்போவதன் விதை அதில் இருக்கிறது.

அதே ஊரில்தான் 1862இல் போர்த்தி என்ற ஒயின் வணிகர், நியூயார்க்கிலிருந்து நண்பர் அனுப்பிய அமெரிக்கத் திராட்சைக்கொடிகளைத் தன் தோட்டத்தில் ஆசையாக நட்டார். அந்த வேர்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி பயணம் செய்து வந்திருந்தது. மறு ஆண்டே பக்கத்து ஊரான பூஷோவில் காரணம் தெரியாமல் கொடிகள் காய்ந்தன.

இனி ஆற்றைக் கடக்கலாம். கிழக்குக் கரையில் ஒரு குன்று. குன்றின் தலையில் இடிந்த கோட்டை, கோட்டையின் காலடியில் கிராமம், கிராமத்தைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சை. ஷாத்தோநெஃப் து பாப். பிரெஞ்சில் ‘ஷாத்தோ’ கோட்டை, ‘நெஃப்’ புது, ‘பாப்’ போப்பாண்டவர். நம் மொழியில் அப்படியே சொன்னால் போப்பாண்டவரின் புதுக்கோட்டை.

பெயரைக் கேட்டதும், போப்பாண்டவர் வந்து கோட்டை கட்டினார், அதனால் ஊருக்கு அந்தப் பெயர் என்று நினைத்துவிடுவோம். உண்மை சற்றுக் கோணலானது. 11ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இந்த ஊர் ‘புதுக்கோட்டை’தான். பிற்பாடு நெடுங்காலம் அதற்கு ஷாத்தோநெஃப் கால்செர்னியே என்று பெயர். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அந்தச் சுண்ணாம்புதான் பெயரில் ஒட்டிக்கொண்டது. போப்பாண்டவர் பெயர் அதிகாரபூர்வமாக ஊருக்குச் சூட்டப்பட்டது 1893இல்தான். ஒயின் விற்கும் ஊருக்குச் சுண்ணாம்பைவிடத் திருத்தந்தை உதவுவார் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அந்தப் பெயர் பொய்யல்ல. கிளமெண்டுக்குப் பின் 1316இல் பதவியேற்றவர் இருபத்திரண்டாம் யோவான். தென்மேற்கே காஹோர் என்ற இன்னொரு ஒயின் ஊரில் பிறந்தவர். அவிஞ்ஞோனுக்கு வடக்கே அரைநாள் நடைத் தூரத்தில் இருந்த இந்தக் குன்றின் மேல் அவர் கோட்டை எழுப்பினார். 1317இல் தொடங்கிய வேலை 1333இல் முடிந்தது. சுற்றிலும் கொடிகள் நடப்பட்டன. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். 1377இல் திருச்சபையின் தலைமை ரோமுக்குத் திரும்பியது. கோட்டையைப் 16ஆம் நூற்றாண்டு மதப்போரில் எரித்தார்கள். பிறகு ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் வேண்டும்போதெல்லாம் அங்கிருந்தே பெயர்த்துக்கொண்டார்கள்.

போப்பாண்டவர்கள்தான் இந்த ஒயினை உலகத்துக்குத் தந்தார்கள் என்று புட்டி விற்பவர்கள் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். அவிஞ்ஞோன் அரண்மனையின் மேசையில் பெருமைக்குரிய இடம் பெற்றது வடக்கிலிருந்து வந்த பர்கண்டி ஒயின். கர்தினால்கள் இத்தாலிக்குத் திரும்ப மறுப்பதே அங்கே பர்கண்டி ஒயின் கிடைக்காது என்பதால்தான் என்று கவிஞர் பெத்ரார்க் கடுமையாகச் சாடி எழுதினார். திருத்தந்தையர் இந்த ஊருக்குத் தந்தது ஒரு கோட்டையும் நடவுக்கு ஒரு தூண்டுதலும். ஒயினைத் தந்தது மண். அதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

முதல் முறை இந்தத் தோட்டங்களின் படத்தைப் பார்ப்பவர், இங்கே எப்படி ஒரு செடி முளைக்கும் என்றுதான் கேட்பார். மேட்டு நிலங்களில் மண்ணே கண்ணில் படாது. தேங்காய் அளவு, சில இடங்களில் பூசணி அளவு, உருண்டு வழவழத்த கூழாங்கற்கள். மஞ்சளும் காவியும் பழுப்புமாகக் கொட்டிக் கிடக்கும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து உடைந்து, ஊழிக்காலத்து ரோன் வெள்ளத்தில் உருண்டு உருண்டு மூலை மழுங்கி வந்த படிகக்கற்கள் அவை. ஆறு பின்னர் தாழ்ந்து ஓட, கற்கள் மேட்டிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்குக் கீழே சிவப்புக் களிமண்.

பகலெல்லாம் கற்கள் வெயிலைக் குடிக்கின்றன. இரவில் அதைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. நள்ளிரவிலும் கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும் என்பார்கள். கோடையில் இன்னொரு வேலையும் செய்கின்றன: கீழேயுள்ள களிமண்ணின் ஈரம் ஆவியாகிவிடாமல் மூடி போட்டுக் காக்கின்றன. இது மானாவாரி நிலம். நம் கரிசல்காட்டு விவசாயி ஈரத்தைக் காப்பாற்றப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தக் கல்மூடியின் அருமை உடனே விளங்கும்.

அதன் மேல் காற்று. வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மிஸ்த்ரால். நம் வாடை உடம்பைக் குத்தும். மிஸ்த்ரால் ஓட்டைப் பெயர்க்கும். நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். அதனால்தான் இங்கே கொடியைப் பந்தலிலோ கம்பியிலோ படரவிடாமல், கவாத்து செய்து, முழங்கால் உயரத்தில் கிண்ணம் விரிந்ததுபோன்ற குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். காற்றால் ஒடிபடும் தளிர்கள் உண்டு. ஆனால் மழை பெய்தால் இலையையும் குலையையும் ஒரு நாளில் உலர்த்திவிடுவதும் அதே காற்றுதான். பூஞ்சை நோய் இங்கே குறைவு என்றால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது மிஸ்த்ராலுக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கக் கூழாங்கல் என்பது புகைப்படக்காரர்கள் பரப்பிய எண்ணம். ஐந்து ஊர்களில் ஏறத்தாழ 3200 ஹெக்டேர் பரந்து கிடக்கும் இந்தத் திராட்சை நிலத்தில் மணற்பாங்கும் உண்டு, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் உண்டு. இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்றான ஷாத்தோ ரயாஸ் கூழாங்கல்லே இல்லாத மணலில், சுற்றிலும் மரங்கள் நிழல்தரும் குளிர்ந்த துண்டு நிலங்களில் விளைகிறது. கல்லில் விளைந்தது தடித்த தோளோடு வரும். மணலில் விளைந்தது பட்டுபோல் வழியும். ஒரே பெயருக்குள் இரண்டு உடல்கள். இந்த ஊரின் ஒயினை ஒரே வரியில் வர்ணிக்க முயன்றவர்கள் எல்லோரும் தோற்றது இதனால்தான்.

ஆனாலும் ஒரு பொதுக்குணம் உண்டு. அதைக் கொடுப்பது கிரெனாஷ் என்ற திராட்சை. ஸ்பெயினின் வெயிலில் பிறந்து வந்த வகை. வறட்சிக்கு அசையாது, காற்றுக்குச் சாயாத தடித்த தண்டு. தோல் மெல்லியது, அதனால் நிறம் ஆழமாக இராது. சர்க்கரை நிரம்பப் பழுக்கும், அதனால் ஒயினில் ஆல்கஹால் கூடும். 14, 15 விழுக்காடு இங்கே வியப்பல்ல. இளமையில் ஸ்ட்ராபெரி, செர்ரி போன்ற சிவப்புப் பழ வாசனை. பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் அந்தப் பழம் உலர்ந்த அத்தியாக, அதிமதுரமாக, பழந்தோலாக மாறியிருக்கும். கூடவே ஒரு மூலிகை வாசம் எப்போதும் வரும். தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் மண்டிய அந்தப் பகுதிப் புதர்க்காட்டில் வெயில் நேரத்தில் நடந்தால் காலடியில் கிளம்பும் வாசம். போர்தோவின் சிவப்பு ஒயின் நாக்கைத் துவர்ப்பால் பிடித்து இழுக்கும். பர்கண்டியுடையது புளிப்பின் கூர்மையில் நிற்கும். ஷாத்தோநெஃப் வாயை நிறைத்து, தொண்டைக்குள் இளஞ்சூடாக இறங்கும். வெயிலின் ஒயின் என்று ஒருவர் அதைச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

கிரெனாஷுக்கு ஒரு பலவீனம்: காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். புத்தம் புதிய சிறிய ஓக் பீப்பாய்களில் அதை அடைக்க இங்குள்ள பலர் தயங்குவது அதனால்தான். சிமெண்டுத் தொட்டியிலும், பல ஆண்டு பழகிய பெரிய மரத்தொட்டியிலும் வைப்பார்கள். இன்னொரு மருந்து, துணைக்கு வேறு திராட்சை சேர்ப்பது. மூர்வேத்ர் கறுத்தது, முரடு, தாமதமாகப் பழுப்பது, காற்றை எதிர்த்து நிற்பது. சிரா நிறமும் மிளகு மணமும் தரும். சின்ஸோ மென்மை. கூனுவாஸ் புளிப்பும் புத்துணர்வும். முஸ்கார்தென், வக்கரேஸ், தெரே நுவார், பிக்பூல், பிக்கார்தான் என்று பட்டியல் நீளும். கிளேரெத், ரூஸான், பூர்புலாங்க் போன்ற வெள்ளைத் திராட்சைகளையும் சிவப்பு ஒயினில் சேர்க்கலாம். மொத்தம் 13 வகை. நிற வேறுபாடுகளையும் தனித்தனியாக எண்ணும் 2009ஆம் ஆண்டு விதிப்படி 18.

இந்தக் கலவைக்குக் கணக்கு எழுதிய மனிதர் ஒருவர் உண்டு. ஜோசஃப் டூகோ. ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1877இல் லா நெர்த் என்ற பழைய பண்ணையை வாங்கினார். ஊரின் மேயராகவும் இருந்தார். அவர் வாங்கிய நேரத்தில் ரோக்மோரின் பூச்சி ஆற்றைக் கடந்து எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது. மோன்பெலியே நகரத் தாவரவியலாளர் பிளான்ஷோன் 1868இல் காய்ந்த கொடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்து அந்தப் பூச்சியை அடையாளம் கண்டார். அதன் பெயர் ஃபிலோக்ஸெரா. ஆனால் மருந்து கிடைக்கவில்லை. நோய் வந்த அமெரிக்காவிலிருந்தே தீர்வும் வந்தது: அந்தப் பூச்சிக்கு அஞ்சாத அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியின் தண்டை ஒட்டுக்கட்டுவது.

செத்த தோட்டத்தைப் பார்த்து டூகோ மனம் உடையவில்லை. எல்லாம் போன பிறகு எதை வேண்டுமானாலும் நடலாமே என்று யோசித்தார். பத்து வகைத் திராட்சைகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஒயினுக்கு என்ன தரும் என்று பிரித்தார். உடலுக்கும் இனிமைக்கும் கிரெனாஷும் சின்ஸோவும். கட்டுக்கும் நிறத்துக்கும் நீடித்த ஆயுளுக்கும் மூர்வேத்ர், சிரா, முஸ்கார்தென், வக்கரேஸ். மணத்துக்கும் புத்துணர்வுக்கும் கூனுவாஸ், பிக்பூல். நயத்துக்கு வெள்ளைத் திராட்சைகளான கிளேரெத்தும் பூர்புலாங்க்கும். சாம்பாருக்குப் பொடி அளப்பவர் மல்லிக்கும் மிளகாய்க்கும் வெந்தயத்துக்கும் தனித்தனி வேலை வைத்திருப்பதுபோலத்தான். பாட்டியிடம் கற்ற கைப்பக்குவமாக இருந்ததை அவர் எழுத்தில் வைத்தார். என் பார்வையில் இந்த ஊரின் ஒயினுக்கு எந்தப் போப்பாண்டவரைவிடவும் அதிகம் செய்தவர் இவர்.

மறுநடவு நடந்தது. ஊர் பிழைத்தது. ஆனால் விளைந்த ஒயின் தன் பெயரில் விற்கப்பட்டதா?

இல்லை என்பதுதான் பெருமளவுக்குப் பதில். பீப்பாய்கள் வடக்கே பர்கண்டிக்குப் போயின. குளிர்ந்த ஆண்டுகளில் மெலிந்து நிற்கும் பர்கண்டி ஒயினுக்குச் சதை போட அங்குள்ள வணிகர்கள் ஷாத்தோநெஃபை வாங்கிக் கலந்தார்கள். விவசாயிக்குக் கிடைத்தது மொத்த விலை, பெயர் வேறொருவருக்கு. மறுபக்கம், ஷாத்தோநெஃப் து பாப் என்ற பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்புப் பெற்றதும், இந்த ஊர் மண்ணையே பார்க்காத ஒயின்கள் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தன. உண்மைச் சரக்கு பெயரில்லாமல் போயிற்று. பெயர் சரக்கில்லாமல் திரிந்தது. இந்த ஒரு நிலைமையைப் புரிந்துகொண்டால் அடுத்து நடந்ததெல்லாம் புரியும்.

1919இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஊர்ப்பெயர்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. யாருக்கு எந்த ஊர்ப்பெயரைப் பயன்படுத்த உரிமை என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்றது. நல்ல நோக்கம், ஆனால் பெரிய ஓட்டை. ஊர் எல்லைக்குள் விளைந்தால் போதும். என்ன வகைத் திராட்சை, எந்த மண், ஏக்கருக்கு எவ்வளவு என்று கேள்வியே இல்லை. ஆற்றங்கரைச் சேற்று வயலில் மலிவு வகையை நட்டுக் குடம் குடமாகப் பிழிந்து, அதற்கும் அதே புகழ்பெற்ற பெயரைச் சூட்டலாம். வெளியூர்த் திருடனைத் தடுத்த சட்டம் உள்ளூர்த் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது.

1923இல் ஊர் விவசாயிகள் சிலர் ஃபோர்த்தியா பண்ணை வீட்டின் கதவைத் தட்டினார்கள். அங்கிருந்தவர் பியர் லெ ருவா த புவாசோமாரியே. ஊரார் வாயில் பாரோன் லெ ருவா, லெ ருவா பிரபு. வயது 33. நார்மண்டிக் குடும்பம், சட்டம் படித்தவர், முதல் உலகப் போரில் போர்விமானம் ஓட்டியவர், இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். மனைவி வழியில் வந்தது ஃபோர்த்தியா. எங்கள் பெயரைக் காப்பாற்ற வழக்காட வேண்டும், நீங்கள் தலைமை தாங்குங்கள் என்று கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: முதலில் நீங்கள் நாணயமாக இருந்து காட்ட வேண்டும்.

அந்த நிபந்தனையைத்தான் இந்தத் தொடரின் பதினேழு அத்தியாயங்களிலும் மிக முக்கியமான செயலாக நான் கருதுகிறேன். அதுவரை உலகில் ஒயின் விதிகள் பெரும்பாலும் மேலிருந்து வந்தவை. பர்கண்டியின் பிரபு 1395இல் காமே திராட்சையைப் பிடுங்கி எறியச் சொன்னதும் அப்படித்தான். ரோக்மோரின் சூட்டுக்கோலும் அப்படித்தான். இங்கே விளைவிப்பவர்களே உட்கார்ந்து தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

என்ன கட்டினார்கள்? நிலத்தில் தொடங்கினார்கள். எந்த நிலத்துக்குப் பெயர் உரிமை என்பதற்கு லெ ருவா எடுத்த அளவுகோல் இரண்டு செடிகள். லாவெண்டரும் தைமும் சேர்ந்து முளைக்கும் வறண்ட நிலம் உள்ளே. புல்லும் தீவனமும் செழிக்கும் நிலம் வெளியே. ஆய்வுக்கூடம் தேவையில்லை, நடந்து பார்த்தால் போதும். ஊருக்குள்ளேயே நல்ல வண்டல் வைத்திருந்தவர்கள் பெயரை இழக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வேறெங்கும் வளமான மண் பெருமை. இங்கே அது தகுதிக்குறைவு.

பிறகு திராட்சை வகைகள், நடவு முறை, கவாத்து. ஒயினில் குறைந்தது 12.5 விழுக்காடு ஆல்கஹால், அதுவும் சர்க்கரை சேர்க்காமல், பழத்தின் சொந்த இனிப்பிலிருந்து மட்டும். பிரான்சில் வேறெந்த ஊரும் அன்று இவ்வளவு உயர்ந்த அளவைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. இளஞ்சிவப்பு ஒயின் இந்தப் பெயரில் கூடாது. விளைச்சலுக்கும் உச்சவரம்பு வந்தது. இன்று அது ஹெக்டேருக்கு 3500 லிட்டர், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 1400 லிட்டர்தான். இயந்திர அறுவடை இன்றும் இல்லை, கைப்பறிதான். இவற்றையெல்லாம்விட என்னைத் தொட்ட விதி, தரம் பிரித்தல். அறுவடையில் குறைந்தது 5 விழுக்காட்டை ஒதுக்கியே ஆக வேண்டும். விளைச்சல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் இருபது கூடையில் ஒரு கூடை பெயர் பெறாது. எதையாவது ஒதுக்கியாக வேண்டும் என்றால் பறிக்கிறவர் ஒவ்வொரு குலையையும் பார்த்தாக வேண்டும். அதுதான் அந்த விதியின் சூட்சுமம்.

இவற்றை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு சுருக்கமாக முடியவில்லை. ஓரான்ஷ் நகர நீதிமன்றம் 1929இல் எல்லையையும் விதிகளையும் ஏற்றது. எதிர்த்தவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். கடைசியில் 1933 நவம்பரில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. கதவு தட்டப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குள் பாரிஸில் ஜோசஃப் காப்யூஸ் என்ற செனட்டர் இதே கருத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். ஊர்ப்பெயர் மட்டும் போதாது, தரத்தின் நிபந்தனைகளும் பெயரோடு பிணைய வேண்டும் என்பது அவர் வாதம். லெ ருவாவும் அவரும் கைகோத்தார்கள். 1935 ஜூலை 30இல் வந்த அரசாணை ‘கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர்’ என்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் உருவாக்கியது. 1936 மே 15இல் அந்தப் பட்டயத்தைப் பெற்ற முதல் சில ஊர்களில் ஷாத்தோநெஃப் து பாப் ஒன்று. ஒரு கிராமம் தனக்கு எழுதிக்கொண்ட விதிகள் ஒரு நாட்டின் விதிகளுக்கு அச்சாக மாறின. இவற்றை மேற்பார்க்கும் தேசிய நிறுவனத்துக்கு 1947இல் தலைவரான லெ ருவா, 1967இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நமக்கும் இதில் ஒரு நேர்த்தொடர்பு இருக்கிறது. பிரான்சில் பிறந்த இந்தக் கருத்து, 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் புவிசார் குறியீடாக நுழைந்தது. அதிலும் ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் தனி உறுப்பு, கூடுதல் காப்பு. அதையொட்டி இந்தியா 1999இல் சட்டம் இயற்றியது. காஞ்சிபுரம் பட்டும் 2019இல் பழநிப் பஞ்சாமிர்தமும் பெற்ற குறியீடு அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். பஞ்சாமிர்தத்தில் மலைவாழை சேர வேண்டும் என்று பதிவு செய்தவர்களும், தைம் முளைக்கும் நிலம்தான் வேண்டும் என்ற அந்த விவசாயிகளும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

1937இல் ஊரார் தங்களுக்கென்று ஒரு புட்டி வடிவம் செய்தார்கள். கண்ணாடியிலேயே புடைப்பாகத் திருத்தந்தையின் மணிமுடி, அதன் கீழ் புனித பேதுருவின் சாவிகள், சுற்றிலும் ஊர்ப்பெயர். தாளில் ஒட்டிய பெயரைக் கிழித்து வேறு ஒட்டலாம். கண்ணாடியை அப்படிச் செய்ய முடியாது. பீப்பாயில் சூடு போட்ட 1737இன் எண்ணம் 200 ஆண்டு கழித்துக் கண்ணாடியில் வந்து அமர்ந்தது.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, குன்றின் மேல் மிஞ்சியிருந்த கோட்டைக் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பாதிக் கோபுரம் நின்றுவிட்டது. இன்று ஊரின் அடையாளமாகப் படங்களில் தெரிவது அந்த மிச்சச் சுவர்தான். பத்து ஆண்டு கழித்து, பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டு பற்றிய பேச்சு பரவியபோது, மேயர் லூசியென் ஷேன் தன் ஊர் எல்லையில் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாது என்று ஆணை போட்டார். உலகப் பத்திரிகைகள் ஊர்ப்பெயரை அச்சிட்டன. அந்த ஆணை திரும்பப் பெறப்படவில்லை.

இப்போதைய கவலை வானத்திலிருந்துதான் வருகிறது, வேறு வடிவில். கோடைகள் சூடேறுகின்றன. 2003இன் அனல் அதற்கு முதல் எச்சரிக்கை. ஊரின் நடவில் 70 விழுக்காட்டுக்கு மேல் கிரெனாஷ். அது வெயிலுக்குச் சர்க்கரையைக் குவிக்கிறது, ஆல்கஹால் ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. குறைந்தபட்சம் 12.5 வேண்டுமே என்று தவித்த ஊர் இப்போது 15ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள உழைக்கிறது. விதியை எழுதியவர்கள் அன்று அஞ்சியது பழுக்காத திராட்சைக்கு. அதிகம் பழுக்கும் என்று ஒருநாள் அஞ்ச நேரும் என்பதை அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

இந்த நிலையில்தான் டூகோவின் பட்டியலைச் சிலர் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். கிரெனாஷுக்கு மட்டுமே மதிப்பு இருந்த காலத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட கூனுவாஸும் வக்கரேஸும் முஸ்கார்தெனும் மெல்லப் பழுப்பவை, புளிப்பை விடாதவை. பிக்கார்தான் போன்ற வகை சில வரிசைகளில் மட்டும் உயிரோடு இருந்தது. 13 வகையும் நடுவதைப் பிடிவாதமாகத் தொடர்ந்த போகாஸ்தல் போன்ற பண்ணைகளை ஒருகாலத்தில் பழமைவாதிகள் என்றார்கள். அங்கே பாதுகாத்த கொடிகள் இன்று எல்லோருக்கும் வேண்டியிருக்கின்றன.

2018 வசந்தத்தில் மழை நிற்காமல் பெய்தது. மிஸ்த்ராலால் உலர்த்த முடியாத அளவு ஈரம். அடிச்சாம்பல் நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கிரெனாஷ் குலைகள் கருகி உதிர்ந்தன. பாதி விளைச்சலையும் அதற்கு மேலும் இழந்தவர்கள் உண்டு. மூர்வேத்ர் அந்த அளவுக்கு அடிபடவில்லை. அந்த ஆண்டின் ஒயினைச் சில பண்ணைகள் வழக்கத்தைவிட அதிக மூர்வேத்ரோடு செய்தன. கறுத்து, முரடாக, திறக்க நாளாகும் ஒயின். அந்தப் புட்டிகள் இன்னும் நிலவறையில் படுத்திருக்கின்றன.

(தொடரும்)